96 ஓட்டை, ஒரு முறிந்த டேப்

வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் வைத்து ஜாப் எடுப்பவர்கள் கோவையில் நிறையப் பேர். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் வருஷம் வந்த ஒரு வேலை: 12 எம்எம் கனத்தில் 8 எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பிளேட்டுகள், ஒவ்வொன்றிலும் 6 எம்எம் போல்ட்டுக்கான எம்6 மரை 12. ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவிதான் டேப். கையால் சுற்றும் ஹேண்ட் டேப் செட்டில் இருக்கும் மூன்று டேப்பையும் முறைப்படி ஒவ்வொரு ஓட்டையிலும் இறக்கினேன். 96 ஓட்டைக்கு 288 தடவை! இரண்டாம் நாள் சாயங்காலம் கை ஓய்ந்து, கொஞ்சம் சாய்த்து அழுத்திவிட்டேன். 71ஆவது ஓட்டையில் டேப் முறிந்தது. அதை வெளியே எடுத்த நேரத்தில் மீதி 25ஐயும் முடித்திருக்கலாம்.

அந்தப் பிளேட்டுக்கு ஹேண்ட் டேப்பே தேவையில்லை. மறுபக்கம் வரை போகும் ஓட்டைக்குக் கன் டேப் போதும். அது வெட்டி வரும் உலோகச் சுருளை முன்னால் தள்ளிக் கீழே விட்டுவிடும். ஒரே இறக்கத்தில் மரை முடியும். ஹேண்ட் டேப்பைப் போல அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்னால் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் அடி மூடிய ஓட்டையில் அதைப் போட்டால் சுருள் அடியில் அடைத்து டேப்பை முறிக்கும். அங்கே சுருளை மேலே இழுக்கும் ஸ்பைரல் ஃப்ளூட் டேப்தான் சரி. ஓட்டையையும் மரையைவிடச் சில மில்லிமீட்டர் ஆழமாகப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, டேப்புக்கு முன் ஓட்டை போடும் பிட்டின் அளவு. எம்6க்குச் சார்ட்டில் 5 எம்எம் என்று இருக்கும். முழு மரை உயரத்தில் சுமார் 77 சதவீதம் கிடைக்கும். 5.1 போட்டால் 69. 6எச் டாலரன்ஸில் (மரை அளவு எவ்வளவு கூடலாம் என்ற வரம்பு) மரையின் உள்விட்டம் 5.153 வரை போகலாம் என்பதால் அதுவும் செல்லும், டேப்புக்கும் பாரம் குறையும். 12 எம்எம் ஆழத்தில் போல்ட்தான் முதலில் அறும், மரை அல்ல. ஒன்று மட்டும்: கையில் தீட்டிய பிட் 5.1 என்று பெயர் சொல்லி 5.2 ஓட்டை போடும். வேஸ்ட் துண்டில் போட்டு அளந்து பாருங்கள்.

எல்லா ஓட்டையும் போட்டு முடித்து, அப்புறம் எல்லாவற்றுக்கும் 6 எம்எம்முக்குச் சற்று மேலே கவுண்டர்சிங்க் (ஓட்டையின் வாயைச் சரிவாக அகலப்படுத்துவது), அதற்கப்புறம்தான் டேப். ஒவ்வொரு ஓட்டைக்கும் பிட்டை மாற்றி மாற்றி மாட்டுவதில்தான் பாதி நாள் போகிறது.

டேப்பைச் சுற்றுவதற்கு பேட்டரி டிரில்லே போதும். கியரைக் குறைத்து, கிளட்சை டேப் நகரும் மட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறுகினால் டேப் முறிவதற்குள் கிளட்ச் நழுவும். நேராக இறங்க, ஒரு கனமான கட்டையில் செங்குத்தாக ஓட்டை போட்டு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். எம்6 டேப்பின் தண்டு சிலவற்றில் 6.3 எம்எம் இருக்கும், அளந்துவிட்டு அந்த ஓட்டையைப் போடுங்கள்.

எம்.எஸ்.ஸுக்குக் கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம். வண்டியில் வடித்த பழைய ஆயிலைத் தொடவே தொடாதீர்கள், தோலுக்கு ஆகாது. டிரில்லிங் மெஷினில் கையுறையும் கூடாது. பிட் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்துச் சுற்றும். அடி மூடிய ஓட்டையில் ஏர் அடிக்கும்போது துகள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும், கண்ணாடி போடுங்கள்.

இவ்வளவுக்கும் மீறி முறிந்தால், எம்.எஸ். துண்டை ஸ்பார்க் மெஷின் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுப்பது) வைத்திருப்பவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். அலுமினியமாக இருந்தால் சூடான படிக்காரத் தண்ணீரில் ஊறவிடுங்கள். மெதுவாக என்றாலும் டேப் கரைந்துவிடும், அலுமினியம் பெரும்பாலும் தப்பிக்கும். சமையலறைப் பாத்திரத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்து, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.