அத்தை கோலத்தில் எத்தனை இழை?
மார்கழி வந்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அத்தை வீட்டு வாசலில், அந்தச் சிமெண்டுத் தரையில், தினம் ஒரு சிக்குக் கோலம் இருக்கும். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய கை, இழை கொஞ்சமும் நடுங்காது. ஒருநாள் நானும் உட்கார்ந்து வரிசைக்கு 6 புள்ளியாக 4 வரிசை வைத்தேன். "ஆறுக்கு நாலா? ரெண்டு இழையா பிரிஞ்சிடும்டா, ஏழா வை" என்றார். வைத்தேன். 28 புள்ளியையும் ஒரே கோடு சுற்றிக்கொண்டு, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தது.

இதன் கணக்கு பள்ளியில் படித்ததுதான். புள்ளிகளுக்கு நடுவே மூலைவாட்டில் ஓடி, ஓரத்தில் மட்டும் திரும்பும் கோலம் என்றால், இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) எவ்வளவோ அத்தனை இழை. 6, 4 என்றால் 2. 7, 4 என்றால் 1.

ஏன் அப்படி? 6க்கு 4 கோலத்தில் இடப்பக்கம் 4க்கு 4 சதுரத்தை மட்டும் பாருங்கள். அதற்குள் நுழைகிற கோடு மூன்று ஓரங்களிலும் முட்டித் திரும்பி, நுழைந்த அதே இடத்திலேயே வெளியே வரும், அதுவும் அங்கே ஒரு சுவர் இருந்து அதில் பட்டுத் திரும்பியது மாதிரியே. (நம்பாவிட்டால் பென்சிலால் போட்டுப் பாருங்கள், நானும் அப்படித்தான் நம்பினேன்.) அப்படியானால் சதுரத்தை வெட்டி எறிந்தாலும் இழைகளின் எண்ணிக்கை மாறாது. மிச்சம் 2க்கு 4. அதில் 2க்கு 2 வெட்டினால் மிச்சமும் 2க்கு 2. சதுரத்தில் பக்கத்துக்கு எத்தனை புள்ளியோ அத்தனை இழை, ஆக 2. ஏழுக்கு நாலை இப்படி வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரே புள்ளி, ஒரே வளையம்.

பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகும் இந்த வழியை கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதி வைத்தார். கணினி கழிப்பதற்குப் பதில் வகுத்து மீதியை எடுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எத்தனை முறை வகுக்க வேண்டும்? சிறிய எண்ணில் எத்தனை இலக்கமோ அதன் 5 மடங்கைத் தாண்டாது என்று 1844இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாமே நிரூபித்தார். நூறு இலக்க எண்ணுக்குக்கூட 500 முறை போதும், கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. கணினியில் செய்திகளை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்ப 1977இல் வந்த ஆர்எஸ்ஏ பூட்டுமுறையில் சாவி செய்யவும் இதே வேலைதான் நடக்கிறது.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். "சரி" என்றார். பொங்கலன்று அவர் வேண்டுமென்றே 9க்கு 6 வைத்தார், மூன்று இழைக்கும் மூன்று நிறம்.