கிளட்ச் பிளேட்டப் பாத்தாலே உங்க ரூட்டு தெரிஞ்சுடும்

போன மாசம் ஒரு பையன் வண்டியத் தள்ளிக்கிட்டே ஒர்க்ஷாப்புக்கு வந்தான். ஆக்சிலேட்டர முறுக்குனா இன்ஜின் கத்துது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது. மீட்டர்ல 11,000 கிலோமீட்டர்கூட ஓடல. "அண்ணா, மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்டா இருக்குமோ?"ன்னு கேட்டான். கிளட்ச்ச கழட்டுனா பிளேட்டெல்லாம் கருகிக் கெடக்கு, ஆயில்லயே தீஞ்ச வாடை. "தெனம் எவ்ளோ தூரம் போற தம்பி?"ன்னேன். "ஆறு கிலோமீட்டர்தான்ணா." "எவ்ளோ நேரமாகும்?" "முப்பத்தஞ்சு, நாப்பது நிமிஷம் ஆயிடும்ணா." அவ்ளோதான், புரிஞ்சுபோச்சு. அது நல்ல வண்டிதான், வண்டிமேல ஒரு குத்தமும் இல்ல, ஆனா நீளமான ரோட்டுல டாப் கியர்ல போறதுக்காக ட்யூன் பண்ணின இன்ஜின், கீழ் ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் மெதுவா சுத்தும்போது, இழுவை கம்மி, அத தெனமும் சிக்னலுக்கு சிக்னல் ஹாஃப் கிளட்ச்லயே (கிளட்ச் லிவர பாதி பிடிச்சபடியே) ஊர விட்டா பிளேட்டு பாவம் எத்தன நாளைக்குத் தாங்கும் சொல்லுங்க.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. வண்டியப் பிரிச்சா ஓட்டுறவரோட டைம்டேபிளே தெரிஞ்சுடும். பின் பிரேக் ஷூ தேஞ்சு போயி முன்பக்கம் மட்டும் புதுசு மாதிரி இருந்தா, முன் பிரேக்கத் தொடவே பயப்படுற ஆளு. டயர் நடுவுல மட்டும் சப்பையா தேஞ்சிருந்தா நேர் ரோட்டுல ரொம்ப தூரம் போறவரு, இல்லன்னா காத்து ஓவரா வெக்கிறவரு. ஆயில் மூடியத் தொறந்தா உள்பக்கம் பால்நுரை மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கா, பக்கத்துலயே போயிட்டு வர்ற வண்டி. இதெல்லாம் வண்டி வாங்கினப்புறம் நான் கண்டுபிடிக்கிறது, உங்க தெனப் பயணத்துக்கு எந்த வண்டி பொருந்தும்னு நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுக்கலாமேன்னுதான் இத எழுதுறேன்.

ஷோரூம் போறதுக்கு முன்னாடி ஒரு வாரம், இப்ப இருக்குற வண்டியிலயோ பஸ்லயோ போகும்போதே கவனிங்க. வீட்டுலேர்ந்து வேலைக்கு எத்தன கிலோமீட்டர், எவ்ளோ நேரம், நடுவுல எத்தன தடவ நிக்கிறீங்க, எத்தன நாள் பின்னாடி ஆள் உக்காருது, பார்க்கிங்ல வண்டிய நீங்களே இழுத்துத் திருப்பணுமா. தூரத்த நேரத்தால வகுத்தா சராசரி வேகம் வந்துடும். அந்தப் பையனுக்குக் கணக்குப் போட்டா மணிக்கு ஒம்பது, பத்து கிலோமீட்டர்தான். இந்த நம்பர் இருவதுக்குக் கீழ இருந்தா உங்களுக்குத் தேவை எடை கம்மியான, கீழ் ஆர்பிஎம்லயே நல்லா இழுக்குற சின்ன இன்ஜின், இல்லன்னா கியரே இல்லாத ஸ்கூட்டர். நாப்பதுக்கு மேல வந்தா கதையே வேற, அப்ப பெரிய வீல், கொஞ்சம் பவர், காத்துக்கு அலையாத எடை எல்லாம் வேணும்.

பவர் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எத்தன சிசி?"தான். சமதளத்துல அறுபதுல சீரா போறதுக்கு ஒரு சாதாரண பைக்குக்கு வீல்ல மூணு நாலு ஹார்ஸ்பவர் இருந்தாப் போதும். 100ல போகணும்னா அது பத்துப் பன்னெண்டுக்குப் போயிடும், ஏன்னா வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட தடை நாலு மடங்காகும், அதத் தள்ளுறதுக்கு வேண்டிய பவர் எட்டு மடங்காகும். அப்ப நாப்பத தாண்டாத ரோட்டுல தெனம் போறவரு பெரிய இன்ஜின் வாங்குனா அந்த பவரு சும்மாதான் தூங்கும், எடையும் சூடும் மட்டும் தெனமும் கூடவே வரும். மெதுவா ஊர்ற ட்ராஃபிக்ல ஏர்கூல்டு இன்ஜினுக்கு எதிர்க்காத்தே கெடைக்காது, தொடைக்குப் பக்கத்துல ஒரு அடுப்ப வெச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்.

அதுக்காக எல்லாரும் சின்ன வண்டியே வாங்குங்கன்னு சொல்லல. தெனம் முப்பது முப்பத்தஞ்சு கிலோமீட்டர் பைபாஸ்ல லாரிக்குப் பக்கத்துல போறவரு மைலேஜுக்காக 100 சிசி வாங்கி, போற வழி முழுக்க ஆக்சிலேட்டர ஃபுல்லா முறுக்கியே ஓட்டிட்டு வருவாரு. இன்ஜின் தேயும், கை மரத்துப்போகும், கம்பெனி சொன்ன மைலேஜும் வராது, ஓவர்டேக் பண்ணணும்னா கடவுள வேண்டிக்கணும்.

மைலேஜ்ல ஒரு கணக்கு இருக்கு, ரொம்பப் பேருக்குப் படறதில்ல. மாசம் 750 கிலோமீட்டர் ஓட்டுறீங்கன்னு வெச்சுக்கலாம். லிட்டருக்கு 40 தர்ற வண்டிக்குப் பதிலா 50 தர்றத வாங்குனா மாசத்துக்கு 3.75 லிட்டர் மிச்சம். 60 தர்றதுக்குப் பதிலா 70 தர்றத வாங்குனா மிச்சம் 1.8 லிட்டர்கூட இல்ல. ரெண்டுலயும் வித்தியாசம் அதே பத்துதான், ஆனா மேல போகப் போக லாபம் சுருங்கிடுது. அந்தக் கடைசி அஞ்சு பத்துக்காக பிரேக்க விட்டுக் கொடுத்து, மெல்லிசு டயர் போட்ட வண்டிய எடுக்கறது எனக்கு என்னவோ சரியாப் படல.

குட்டித் தூரம் போறவங்களுக்கு இன்னொண்ணு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வருது. கிட்டத்தட்ட எல்லாமே சைலன்சர் வழியா போயிடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கத் தாண்டி கீழ ஆயிலுக்குள்ள எறங்கும். இன்ஜின் நல்லா சூடாகி கொஞ்ச நேரம் ஓடினா அது தானா ஆவியாகிப் போயிடும், ரெண்டு கிலோமீட்டர்ல ஆஃப் பண்ணிட்டா உள்ளயே தங்கிடும், அதான் நான் சொன்ன வெள்ளை நுரை. இப்படி ஓட்டுறவங்க "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடலயே"ன்னு ஆயில் மாத்தாம இருக்காதீங்க. மேனுவல்ல கிலோமீட்டருக்குப் பக்கத்துலயே மாசக் கணக்கும் போட்டிருப்பாங்க, எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு. வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நல்லா ஓட்டிட்டு வாங்க, பேட்டரியும் சார்ஜ் ஏறும்.

அடுத்தது உங்க உடம்பு. சென்டர் ஸ்டாண்டுல நிக்கிற வண்டிமேல ஏறி உக்காந்து செல்ஃபி எடுத்தா ஒண்ணும் தெரியாது. ஸ்டாண்ட எடுத்துட்டு, தெனம் போடுற ஷூவோட, ரெண்டு காலும் தரையில நல்லா ஊனுதான்னு பாருங்க. சாதாரண கம்யூட்டர் வண்டிக்கு சீட் உயரம் 780லேர்ந்து 800 மில்லிமீட்டர் வாக்குல இருக்கும், ஆனா அந்த நம்பர மட்டும் நம்பாதீங்க, சீட் அகலமா இருந்தா கால் விரியும், அதே உயரத்துல எட்டாமப் போகும். அப்புறம் எறங்கி பத்து அடி பின்னாடி தள்ளிப் பாருங்க. 110 கிலோ வண்டிக்கும் 190 கிலோ வண்டிக்கும் ஓடும்போது பெருசா வித்தியாசம் தெரியாது, சரிவுல பார்க்கிங் போடும்போதுதான் தெரியும். எங்கிட்ட லிவர் ஒடஞ்சு, இண்டிகேட்டர் ஒடஞ்சு வர்ற வண்டிகள்ல பாதிக்கு மேல ஓடும்போது விழுந்ததே இல்ல, நின்ன எடத்துல சாஞ்சதுதான். பின்னாடி உக்காரப்போறவங்க யாரோ அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. ஸ்டைலுக்காக பின் சீட்ட உள்ளங்கை அகலத்துக்கு வெச்சிருக்குற வண்டியில அம்மாவ உக்கார வெச்சா தெனம் திட்டு வாங்க வேண்டியதுதான்.

இப்ப பிரேக். மத்த எதுல வேணா கஞ்சத்தனம் பண்ணுங்க, இதுல மட்டும் வேணாம். அமெரிக்காவுல ஹாரி ஹர்ட்னு ஒருத்தர் தலைமையில 900 மோட்டார்சைக்கிள் விபத்துகள நேரா ஸ்பாட்டுக்கே போயி ஆராய்ஞ்சாங்க, 1981ல அறிக்கை வந்துது. விபத்துக்கு முன்னாடி வண்டிகளோட நடுமட்ட வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர்தான் (பாதி வண்டிங்க அதுக்கும் கீழ), ரேஸ் வேகமெல்லாம் இல்ல, நாம ஆபீஸ் போற வேகம். இன்னொரு வண்டியோட மோதினதுல மூணுல ரெண்டு பங்கு, அந்த இன்னொரு வண்டிக்காரர் பைக்குக்கு வழி விடாம குறுக்க வந்ததால நடந்தது. அந்த நேரத்துல பைக்காரங்க செஞ்ச தப்பு என்னன்னா, பின் பிரேக்க ஓங்கி மிதிச்சு வீல லாக் பண்ணினது, முன் பிரேக்கப் போதுமான அளவு பிடிக்காதது. நாப்பது வருஷம் தாண்டியும் என் ஒர்க்ஷாப்புக்கு வர்ற பிரேக் ஷூவெல்லாம் அதே கதையத்தான் சொல்லுது. பிரேக் பிடிச்சா எடை முன்னாடி சாயும், நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன் வீல்தான் செய்யும், பின் வீலு லேசாகி வழுக்கும்.

ஏபிஎஸ் இந்த எடத்துலதான் கை கொடுக்கும். வீல் லாக் ஆகப் போகுதுன்னு சென்சார் சொன்னதும் பிரஷர விட்டு விட்டுப் பிடிக்கும், வண்டி சறுக்காம நேரா நிக்கும். 1988லயே பிஎம்டபிள்யூ பைக்குல எலெக்ட்ரானிக் ஏபிஎஸ் வந்துடுச்சு, இப்ப சாதாரண வண்டியிலயே கெடைக்குது. அதே மாடல்ல ஏபிஎஸ் உள்ளது, இல்லாததுன்னு ரெண்டு வேரியண்ட் இருந்தா யோசிக்காம உள்ளத எடுங்க, அலாய் வீலு, கலர் டிஸ்ப்ளே, புளூடூத்த வேணா விட்டுடுங்க. சின்ன வண்டியில சிபிஎஸ்ஸுன்னு வரும், ஒரு லிவரப் பிடிச்சா ரெண்டு வீல்லயும் பிரேக் பிடிக்கும். இல்லாததுக்கு அது தேவலாம், ஆனா அது லாக் ஆகறத தடுக்காது, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க.

செயின் பத்தி யாரும் கேக்கறதே இல்ல. இந்த ஸ்டைலான வண்டிகள்ல செயின் தொறந்து கெடக்கும், மழையும் மண்ணும் நேரா அடிக்கும், 500, 600 கிலோமீட்டருக்கு ஒரு தடவ தொடச்சு லூப் (செயினுக்கான எண்ணெய்) போடணும், யார் போடுறாங்க? ஸ்ப்ராக்கெட்டோட (செயின் ஓடுற பல்சக்கரம்) பல்லு வளைஞ்சு கொக்கி மாதிரி ஆனப்புறம் "ஏதோ டக்கு டக்குன்னு சத்தம்ணா"ன்னு வருவாங்க. மூடின செயின் கவர் பாக்குறதுக்கு பழைய காலத்து வண்டி மாதிரி இருக்கும்தான், ஆனா பராமரிக்க நேரமில்லாத ஆளுக்கு அதுதான் வரம். ஹோண்டாவோட சூப்பர் கப்ப எடுத்துக்கோங்க, 1958ல வந்த வண்டி, 2017ல மொத்த உற்பத்தி பத்து கோடி வண்டியத் தாண்டிடுச்சு. அதுல என்ன இருந்துச்சு? மூடின செயின், 17 இஞ்ச் வீல், காலத் தூக்காம ஏறுற மாதிரி பாடி, கிளட்ச் லிவரே கெடையாது. தெனம் ஓட்டுறவனுக்கு எது தொல்லையோ அதையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துட்டாங்க, அவ்ளோதான் அந்த டிசைன்.

வீல் சைஸும் அதே மாதிரிதான். ஸ்கூட்டரோட பத்து, பன்னெண்டு இஞ்ச் வீலு சந்துல திருப்ப சுகமா இருக்கும், பள்ளத்துல விழுந்தா முழுசா உள்ள போயிட்டு வரும். ரோடு மோசம்னா பதினேழு, பதினெட்டு இஞ்ச் வீல் உள்ள பைக்தான். எலெக்ட்ரிக் வாங்குறவங்க, கம்பெனி சொல்ற ரேஞ்சுல (ஒரு சார்ஜுக்கு ஓடுற தூரம்) முக்கால் பங்குதான் கெடைக்கும்னு வெச்சு கணக்குப் போடுங்க, ராத்திரி வண்டி நிக்கிற எடத்துல பிளக் பாயிண்ட் இருக்கான்னு பாருங்க, இது ரெண்டும் சரியா வந்தா நின்னு நின்னு போற ட்ராஃபிக்குக்கு அத மாதிரி சுகம் கெடையாது, கருகுறதுக்கு கிளட்ச்சே இல்லையே.

டெஸ்ட் ரைடு கேட்டா ஷோரூம்காரர் எதிர்ல இருக்குற நல்ல ரோட்டுல ஒரு ரவுண்டு விட்டுட்டு வரச் சொல்வாரு. பத்தாது. ட்ராஃபிக் இருக்குற நேரத்துல, ஸ்பீட் பிரேக்கர் இருக்குற ரோட்டுல, பின்னாடி ஆள வெச்சு ஓட்டணும்னு கேளுங்க. ரெண்டாவது கியர்ல இருவது வேகத்துல திணறாம போகுதா, கிளட்ச் லிவர் கைய வலிக்குதா, ஸ்பீட் பிரேக்கர்ல அடி இடிக்குதா. மாட்டேன்னாருன்னா அதே வண்டி வெச்சிருக்குற ஃப்ரெண்டுகிட்ட ஒரு நாள் வாங்கி ஆபீஸ் போயிட்டு வாங்க.

புதுசோ பழசோ, டயரோட பக்கச் சுவத்துல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2324ன்னு இருந்தா 2024ல 23ஆவது வாரம் செஞ்சது. புது வண்டின்னு சொல்லி டயர் ரெண்டு வருஷம் பழசா இருந்தா அது எவ்ளோ நாள் குடோன்ல நின்னுதுன்னு கேளுங்க. பழைய வண்டி பாக்கப் போறீங்கன்னா, விக்கிறவர்கிட்ட "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் இன்ஜின் பக்கத்துல கைய கொண்டு போங்க, சூடு அடிச்சா ஏற்கனவே ஓட விட்டு வெச்சிருக்காரு, கோல்டு ஸ்டார்ட்ல வர்ற நீலப் புகையும் (ஆயில் எரியுறதோட அடையாளம்) டைமிங் செயின் சத்தமும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு பண்றதுதான் அது. ஒரு டீ குடிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போங்க.