மாடித் தோட்டத் தளையில் இனிப்பு மக்காச்சோளம்: அரசு தருவது எது, நாம் வாங்க வேண்டியது எது?

வீட்டுக்கு வேண்டிய காய்கறியை மொட்டை மாடியிலேயே விளைவித்துக்கொள்வதற்காகத் தமிழ்நாடு அரசின் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தளைகளை, அதாவது தோட்டம் தொடங்கத் தேவையான பொருள்களின் தொகுப்புகளை, வழங்குகிறது. ஒரு தளையில் ஆறு வளர்ப்புப் பைகள், இரண்டு கிலோ எடையுள்ள ஆறு தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்னும் உயிர் உரங்கள், வேர் நோயைத் தடுக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஆகியவற்றில் தலா 200 கிராம், வேம்பு சார்ந்த பூச்சி மருந்து 100 மில்லி, ஒரு கையேடு ஆகியவை உண்டு. 2021 டிசம்பரில் திட்டம் புதிதாகத் தொடங்கப்பட்டபோது 900 ரூபாய் மதிப்புள்ள தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது. பின்னர் மானியம் பாதியாக நிர்ணயிக்கப்பட்டு, விலை 450 ரூபாய் ஆனது. மானிய அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது என்பதால், வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே பணம் செலுத்துங்கள். ஆதார் அட்டை நகல் அவசியம். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு தளைகள்.

கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய், கீரை போன்றவையே தளையில் வரும் விதைகள். இனிப்பு மக்காச்சோள விதையை நாம்தான் கடையில் வாங்க வேண்டும். ஆனாலும் இந்தப் பயிருக்கு இரண்டு தளைகளும் ஒன்றாகக் கிடைப்பது பெரிய உதவி என்பேன். மக்காச்சோளத்தில் மகரந்தத்தைக் கொண்டுசெல்வது காற்று. செடிகளை மாடிச் சுவரோரம் ஒரே வரிசையாக வைத்தால் மகரந்தத்தூள் வீணாகிப் பொக்கைவாய்க் கதிர்களே மிஞ்சும். பன்னிரண்டு பைகளையும் நான்குக்கு மூன்று என நெருக்கிச் சதுரம்போல அடுக்கி, பைக்கு இரண்டு செடிகள் விடுங்கள். உச்சிப்பூ விரிந்த நாள்களில் காலை வேளையில் தண்டை மெல்லத் தட்டினால், மஞ்சள் தூள் கீழே கதிரின் பட்டு இழைகள்மேல் படிவதைக் கண்ணாலேயே காணலாம். ஒவ்வோர் இழையும் கதிரிலுள்ள ஒரு சோள மணிக்குரியது.

நார்க்கழிவில் சத்து குறைவு என்பதாலும் மக்காச்சோளம் தழைச்சத்தை அதிகம் எடுக்கும் என்பதாலும், செம்மண்ணும் மக்கிய சாண எருவும் கலந்து, அதனுடன் உயிர் உரங்களைச் சேர்த்துப் பைகளை நிரப்புங்கள். 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு குருத்துக்குள் ஒளிந்து தின்னும். குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் தெரிந்தால், தளையிலுள்ள வேம்பு மருந்தைக் கையேட்டில் உள்ள அளவில் கரைத்துக் குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்க வேண்டும்.

பட்டு இழை வெளிவந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில், அந்த இழை பழுப்பாகிக் காய்ந்ததும், தோகையைச் சற்றே விலக்கி ஒரு மணியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பால் பீறிட்டால் அன்றே பறித்து அன்றே வேகவையுங்கள். பறித்த நேரத்திலிருந்தே மணியிலுள்ள சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும்.