விரிசல் எந்தப் பக்கம் போகும்?

காரைக்குடி வாசகர் ஒருவர் பாட்டனார் வீட்டைத் தன் கையாலேயே புதுப்பிக்க இறங்கியிருக்கிறார். வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) சுண்ணாம்புக் கலவையில் பதித்திருந்த ஆத்தங்குடித் தரைக்கற்கள், கடப்பாரையால் லேசாக நெம்பியதும் முழுசு முழுசாக வந்துவிட்டன. சமையலறையில் தொண்ணூறுகளில் சிமெண்டில் பதித்த அதே ரகக் கற்களில் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. நாள் பார்க்காமல் அக்னி மூலையில் கைவைத்ததுதான் காரணம் என்கிறாராம் வீட்டுப் பெரியவர். ராகுகாலம் சிமெண்டுக்குத் தெரியாது. ஆனால் ஒரே ரகக் கல் ஓரிடத்தில் முழுசாகவும் இன்னோரிடத்தில் உடைந்தும் வருவது ஏன் என்பது நல்ல கேள்வி.

கடப்பாரை கல்லைப் பெயர்ப்பதில்லை. விரிசல் ஒன்றைத் தொடங்கி வைக்கிறது, அவ்வளவுதான். விரிசல் நீள வேண்டுமானால் புதிய பரப்புகள் உருவாக வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். கண்ணாடியை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித், அவருடைய கட்டுரை 1921-இல் வெளிவந்தது. விரிசல் ஒரு கருமி. கல்லின் குறுக்கே போவதா, கல்லுக்கும் கலவைக்கும் இடையே போவதா, கலவைக்குள்ளேயே போவதா என்று மூன்று வழிகள் இருந்தால், செலவு குறைந்த வழியையே பிடித்துக்கொள்ளும்.

சுண்ணாம்பின் வேதியியல் பள்ளியில் படித்ததுதான். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி, மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கல்லுக்கு அடியில் காற்று எளிதில் புகாது என்பதால் அங்கே இது இன்னும் தாமதம். செங்கல் தூள் சேர்த்திருந்தால் காற்றில்லாமலும் ஓரளவு இறுகும். எப்படி இறுகினாலும், சாதாரணச் சுண்ணாம்புக் கலவை சதுர மில்லிமீட்டருக்கு ஓரிரு நியூட்டன் அழுத்தத்திலேயே நொறுங்கிவிடும். வளவில் பெயர்த்த கல்லைத் திருப்பிப் பாருங்கள்: அடியில் வெள்ளைப் பொடி, நடுநடுவே செங்கல் துணுக்குகள், விரலால் தேய்த்தால் உதிரும். விரிசல் போன பாதை அதுதான்.

சமையலறைக் கதை வேறு. கலவையைப் பரப்பி, மேலே சிமெண்ட் பால் (நீரில் கரைத்த சிமெண்ட்) ஊற்றி, அதன்மேல் கல்லை வைத்துத் தட்டியிருப்பார்கள். ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணக் குழம்பை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்துச் செய்வது. அதன் முதுகு முழுக்க நுண்துளைகள். சிமெண்ட் பால் ஊற்றியதும் அந்தத் துளைகள் நீரை உறிஞ்சுகின்றன. நீரோடு சிமெண்டின் நுண்துகள்களும் உள்ளே போகின்றன. பிறகு அவை நீரோடு வினைபுரிந்து, ஊசி ஊசியான படிகங்களையும் கால்சியம் சிலிக்கேட் பசையையும் துளைச் சுவர்களிலேயே வளர்க்கின்றன. கல்லிலும் சிமெண்ட், கலவையிலும் சிமெண்ட். சில வாரங்களில் கல் எங்கே முடிகிறது, கலவை எங்கே தொடங்குகிறது என்று சொல்லமுடியாத அளவுக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எனக்கு இது எப்போது நினைத்தாலும் பிரமிப்புத்தான். எல்லை வழியே போக விரிசலுக்கு இப்போது சலுகை ஏதும் இல்லை. ஆகவே மெல்லிய கல்லின் குறுக்கே பாய்ந்துவிடுகிறது.

இதே சிமெண்ட் பாலில் பதித்த விட்ரிஃபைட் டைல்ஸ் சில ஆண்டுகளில் தானே எம்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் நீர் உறிஞ்சும் திறன் அரை விழுக்காட்டுக்கும் குறைவு; படிகம் வேரூன்றத் துளையே இல்லை.

வலுக்குறைந்த கலவைதான் கல்லைக் காப்பாற்றியிருக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஐஐடி மெட்ராஸில் ஒரு தேசிய மையம் இருக்கிறது. கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் செலவிடுவதில் ஒரு பங்கையாவது சாதாரண வீடுகளின் சுண்ணாம்பு ஆய்வுக்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

மிச்சமிருக்கும் கற்களுக்கு: சுவரோரத்திலிருந்து தொடங்குங்கள். முதல் கல்லைப் பலிகொடுத்துவிட்டு, உளியைக் கல்லின் விளிம்பில் வைக்காமல் அடியிலுள்ள கலவைக்குள் படுக்கையாகச் செலுத்துங்கள். தூசியில் சிலிக்கா இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை பாருங்கள், என்-95 முகக்கவசமும் வேண்டும். கல்லில் ஒட்டிய சுண்ணாம்பைப் போக்க ஆசிட் ஊற்றாதீர்கள். அது சுண்ணாம்போடு கல்லின் சிமெண்டையும் சேர்த்தே தின்னும். ஓரிரவு நீரில் ஊறப்போட்டுச் சுரண்டினால் போதும்.