பண்டிகைக்கு முன் பழைய ஆலயச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளை நினைவுகூரும் பிரதிஷ்டைப் பண்டிகை நெருங்கும்போது கிராமத்துக் கிறிஸ்தவ சபைகளில் முதலில் எடுக்கப்படும் தீர்மானம், உதிர்ந்த சுவரைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசுவதுதான். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் பழைய ஆலயத்துக்கு இதைவிடக் கேடு செய்யும் வேலை வேறில்லை.

தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டை ஆனது. இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-இல் அடிக்கல் நாட்டிய கால்டுவெல் ஐயர், 33 ஆண்டுகள் கழித்து 1880 ஜூலை 6 அன்றுதான் பிரதிஷ்டையைக் கண்டார். மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. சிமெண்ட் புழக்கத்துக்கு வருமுன் எழும்பிய இத்தகைய ஆலயங்களைக் கட்டிப் பிடித்திருப்பது சுண்ணாம்புக் காரை. மண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறும். காரை வழியாகவே வெளியேறிக் காய்ந்துவிடும். மேலே சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. கடலோரத்தில் ஈரத்தோடு உப்பும் ஏறும். அது பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லையே பொடியாக்கும். பூச்சைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கும். சில வருடங்களில் அது பாளமாக விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். எமல்ஷன் பெயிண்டும், சுவரில் நான்கடிக்கு ஒட்டும் டைல்ஸும் இதே கேட்டைத்தான் செய்யும். டைல்ஸ் ஒட்டினால் ஈரம் அதற்கும் மேலே ஏறிப் பூக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் காரணம் வெளியே இருக்கும்: பேவர் பிளாக் போட்டுத் தரையை உயர்த்தியிருப்பார்கள், மழைநீர்க் குழாய் உடைந்திருக்கும், சுவரோரம் குழாயடி இருக்கும். அதைச் சரிசெய்த பின், தானாகப் பெயர்ந்து நிற்கும் சிமெண்டை உளியால் எடுங்கள், மெஷின் வேண்டாம். வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட வேண்டும்.

பிறகு, பல வாரம் ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு சேர்த்த காரையைப் பூசுங்கள். பழைய கொத்தனார்கள் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரில் இதைக் குழைப்பார்கள். ஒரு பூச்சு 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயில் படாமல் காக்க வேண்டும். அவசரமாக உலர்ந்தால் வெடிக்கும். அதனால் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பு இந்த வேலையைத் தொடங்குவதில் பயனில்லை. முந்தைய பண்டிகை முடிந்ததுமே தொடங்குங்கள்.

மெட்ராஸ் டெரஸ் கூரையில், அதாவது மர உத்திரங்கள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட கூரையில், தேக்கு உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். கறையானும் உளுப்பும் அங்கேதான் தொடங்கும். திருப்புளியால் குத்தும்போது எளிதாக இறங்கினால், கூரைமேல் புதிதாகக் காங்கிரீட் போட்டுப் பாரம் ஏற்றாதீர்கள், பொறியாளரை அழையுங்கள்.

உள்ளே இருப்பவற்றில் பிரசங்க பீடம், பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடிக்குமுன் பழைய பூச்சைக் காஸ்டிக் சோடாவால் உரிக்க வேண்டாம், தேக்கு கறுத்துவிடும். பளிங்கு நினைவுக் கல்வெட்டில் ஆசிட் படவே கூடாது, எழுத்தே அரித்துப்போகும். திருவிருந்துக் கிண்ணத்தைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தால் வெள்ளியில் பொறித்த பெயர் மறைந்துவிடும்.

மணியில் ஒரு கவனம் தேவை. நாக்கில் கயிறு கட்டி இழுப்பவர்கள், அடித்த நொடியே கயிற்றைத் தளர்த்த வேண்டும். நாக்கை மணியோடு அழுத்திப் பிடித்தால் அதிர்வு அடங்க இடமின்றி மணி விரிசல் விடும். நாக்குப் படும் இடம் தேய்ந்திருந்தால் மணியைக் கால் சுற்று திருப்பி மாட்டலாம்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகளை லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி மையைத் தின்றுவிடும். சுவரை ஒட்டிய பீரோவிலிருந்து அவற்றை நகர்த்துங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரு பிரதியைத் திருமண்டல அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.