வெள்ளை ஈயும் அதன் உடலுக்குள் வளரும் குளவியும்

முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் தென்னையின் கீழ்மட்ட ஓலைகள் கரி பூசினாற்போல் கறுத்துப் போவதை அண்மை ஆண்டுகளில் காணாத காணிக்காரர் குறைவு. கறுப்பைக் கண்டவுடன் அதை ஓலையில் விழுந்த நோயென்று எண்ணிப் பங்கசுநாசினி தெளிப்போர் உண்டு. ஆனால் அக்கறுப்புப் பங்கசு விளைவேயன்றிக் காரணமன்று. காரணம் ஓலையின் அடிப்புறத்தில், வெண்மெழுகுத் துகளுக்குள் மறைந்திருக்கும் வெள்ளை ஈயாகும்.

ஈ என்று அழைத்தாலும் இது ஈயினத்தைச் சேர்ந்ததன்று. அசுவினியைப்போலச் சாறு உறிஞ்சும் பூச்சியினம் இது. பெண் பூச்சி ஓலையின் அடிப்புறத்தில் முட்டைகளை இட்டு, அவற்றை மெழுகுத் துகளால் மூடிவிடும். சில இனங்களில் இம்முட்டைகள் சுருள்வட்டமாக அமைந்திருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு சிறிது தூரம் ஊர்ந்து, ஏற்ற இடம் கண்டதும் நுண்ணூசி போன்ற வாயுறுப்பை ஓலைக்குள் செலுத்தி அங்கேயே தங்கிவிடும். மரத்தில் உணவைக் கடத்தும் குழாய்களில் ஓடும் சாற்றில் சீனி மிகுதி, பூச்சியின் வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களோ சொற்பம். ஆகவே தேவையான அமினோ அமிலத்தைப் பெறும்பொருட்டு அது அளவுக்கு மிஞ்சிச் சாற்றை உறிஞ்சி, மிகுதிச் சீனியைப் பிசுபிசுப்பான துளிகளாக வெளியேற்றுகிறது. அத்துளிகள் கீழுள்ள ஓலைகளின் மேற்புறத்தில் விழ, அவற்றை உண்டு கரும்பங்கசு படர்கிறது. பங்கசு ஓலையின் உள்ளே நுழைவதில்லை. ஆயினும் ஒளியை மறைப்பதால் ஓலை உணவு தயாரிப்பது குறைகிறது. மேலே சாறு பறிபோக, கீழே ஒளி தடைப்பட, மரம் சாகாமலே மெலிகிறது.

கருவண்டும் செவ்வண்டும் நெடுங்காலமாக நம் தென்னைகளைத் தாக்குபவை. வெள்ளை ஈயோ புதிதாக வந்தது. தென்னையைத் தாக்கும் வெள்ளை ஈ இனங்களுள் அதிகம் பேசப்படும் சுருள் வெள்ளை ஈ, மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 2004இல் அறிவியலில் பதிவாகி, 2009இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் 2016இல் தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பகுதியிலும் கண்டறியப்பட்டது. தாயகத்தில் பெருந்தொல்லையாகக் கருதப்படாத இப்பூச்சி, சென்றவிடமெல்லாம் பெருகியமைக்கு முதன்மையான காரணம், தன்னைக் கட்டுக்குள் வைத்திருந்த எதிரிகளைப் பின்னால் விட்டுவிட்டு வந்ததே. தென்னையோடு வாழை, கொய்யா போன்றவற்றிலும் அது வாழக்கூடியது என்பதால், ஊடுபயிராக வாழை நாட்டிய வீட்டுத் தோட்டங்கள் அதற்கு வசதியாகிவிடுகின்றன.

இலங்கைக்கு இது முதல் அனுபவமன்று. 1970இல் தென்கிழக்காசியாவிலிருந்து ஓலைச்சுரங்க வண்டு இந்நாட்டுக்குள் நுழைந்தது. அதன் புழு ஓலையின் மேல், கீழ்த் தோல்களுக்கிடையே வாழ்வதால் தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. அப்போது சிங்கப்பூரிலிருந்து டிம்மோக்கியா ஜாவானிக்கா என்னும் நுண்குளவி கொண்டுவரப்பட்டு, வளர்த்துத் தோட்டங்களில் விடப்பட்டது, அப்பீடை அடங்கியது. இந்நாட்டுத் தென்னை வரலாற்றில் இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை என்றே கருதுகிறேன்.

வெள்ளை ஈக்கும் அத்தகைய எதிரி உண்டு. என்கார்சியா குவாடலூப்பே என்னும் குளவி ஒரு மில்லிமீற்றருக்கும் சிறியது. அது வெள்ளை ஈயின் குஞ்சினுள் முட்டையிட, பிறக்கும் புழு குஞ்சை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. இந்தியாவில் சுருள் வெள்ளை ஈயைப் பெருமளவு கட்டுப்படுத்தியது இக்குளவியே. தோட்டத்தில் குளவி வேலை செய்கிறதா என்பதைச் சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டே அறியலாம். கீழோலை ஒன்றின் அடிப்புறத்து மெழுகை மெல்ல ஊதி அகற்றிவிட்டு, ஒட்டியிருக்கும் வெற்றுக் கூடுகளை உற்றுநோக்க வேண்டும். வெள்ளை ஈ வெளியேறிய கூட்டின் முதுகு ஆங்கில டீ எழுத்தின் வடிவில் பிளந்திருக்கும். குளவி வெளியேறிய கூட்டிலோ ஒழுங்கான வட்டத் துளை ஒன்று காணப்படும்.

வட்டத் துளைகள் மிகுந்த தோட்டத்தில் கடும் பூச்சிநாசினியைத் தெளிப்பது தவறு. மெழுகுக்குள் இருக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் தப்பிவிட, திறந்த வெளியில் அலையும் குளவிகளே முதலில் மடிகின்றன. சில வாரங்களில் வெள்ளை ஈ எதிரியின்றி மீண்டும் பெருகும். உயர்ந்த மரங்களில் மருந்து அடிப்புறத்தைச் சென்றடைவதும் அரிது. போரில் தலையிழந்த தென்னைகள் நின்ற காணிகளில், மீளக் குடியேறியோர் நட்டு வளர்த்த மரங்கள் காய்க்கத் தொடங்கியபின் இத்தொல்லை வந்திருப்பதால், உடனடியாக ஏதேனும் அடித்துவிட வேண்டும் என்ற அவசரம் புரிந்துகொள்ளத் தக்கதே. இளமரங்களுக்கு நீரை வேகமாக ஓலையின் அடிப்புறத்தில் பீய்ச்சுவதும், ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைச் சிறிது சவர்க்காரத்துடன் கலந்து தெளிப்பதும் குளவிக்கு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்த வழிகள். மஞ்சள் நிறத் தகடுகளில் ஆமணக்கெண்ணெய் பூசித் தொங்கவிட்டால் வளர்ந்த பூச்சிகள் ஒட்டிக்கொள்ளும்.

வறட்சி மாதங்களில் பெருகும் வெள்ளை ஈ, மாரியின் கனமழையில் குறைகிறது. ஓலையிற் படிந்த கறுப்பும் மழையில் கழுவுண்டு போகும். பாதித்த ஓலையையும் கன்றையும் வாகனத்தில் ஏற்றி வேறிடம் கொண்டுசெல்வதே பூச்சியைத் தொலைதூரம் பரப்பும் வழி என்பதால், புதிய காணிக்குக் கன்று வாங்குவோர் ஒவ்வோர் ஓலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பார்த்தே ஏற்ற வேண்டும். அதே தோட்டத்துக்குள்ளேயோ, வட்டத் துளைகளும், உள்ளே குளவி வளர்வதால் கருமையேறிய குஞ்சுகளும் மிகுந்த ஓலையைத் தறித்து எரித்துவிடாமல், அதன் துண்டுகளைக் குளவி இன்னும் சென்றடையாத மரங்களில் கட்டிவிடலாம்.