உப்பில் மூலக்கூறு கிடையாது

இரும்புச் சட்டியைச் சூடாக்கி ஒரு கரண்டி சர்க்கரை போடுங்கள். இளகும், பழுப்பாகும், கவனிக்காவிட்டால் கருகும். உப்பைப் போட்டால் படபடவென்று வெடிக்கும். அது படிகத்துக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகும் சத்தம். உப்பு மட்டும் உருகவே உருகாது. அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

சர்க்கரையில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் என 45 அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரே மூலக்கூறாக நிற்கின்றன. இந்தச் சகப்பிணைப்பு வலுவானது. ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையிலான ஈர்ப்பு அத்தனை வலுவில்லை. சூட்டில் முதலில் தளர்வது அதுதான். பழுப்பேறும்போதுதான் உள்ளிருக்கும் பிணைப்புகளும் உடைகின்றன.

உப்பின் கதை வேறு. சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒரே எலக்ட்ரான். குளோரினின் வெளிக்கூட்டில் ஏழு, எட்டாவதற்கு இடம் காலி. ஒன்று கொடுக்கிறது, மற்றது வாங்குகிறது. கொடுத்த சோடியம் நேர்மின்னூட்டமும், வாங்கிய குளோரின் எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன. இப்படி மின்னூட்டம் பெற்ற அணுதான் அயனி; குளோரினின் அயனிக்குக் குளோரைடு என்று பெயர். பள்ளியில் எல்லோரும் வரைந்த படம்தான். அதில் தவறில்லை, ஆனால் கொடுத்ததும் வாங்கியதும் அதன்பின் ஜோடியாகவே திரிவதுபோல ஓர் எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. மின்னூட்டம் அப்படி ஆள் பார்ப்பதில்லை. நேர்மின் சோடியம் அயனி தன்னைச் சுற்றியுள்ள ஆறு குளோரைடு அயனிகளையும் ஒரேபோல இழுக்கும். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இப்படியே படிகத்தின் விளிம்புவரை. இதில் தனி மூலக்கூறு என்று எதையும் பிரித்துக் காட்ட முடியாது. உருக்க வேண்டுமென்றால் இந்தப் பின்னலையே குலைக்க வேண்டும்.

ஆகவே வாய்பாட்டையும் இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். 'எச்2ஓ' என்பது ஒரு மூலக்கூறில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை. உப்பின் 'என்ஏசிஎல்' வெறும் விகிதம்: ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின். கால்சியம் இரண்டு எலக்ட்ரான்களை இழப்பதால், கால்சியம் குளோரைடில் அது ஒன்றுக்கு இரண்டு ஆகிறது.

உப்பின் இந்த அமைப்பை 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டறிந்தவர் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக். எல்லோரும் ஏற்கவில்லை. 1927-இல், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த வேதியியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங், மூலக்கூறே இல்லாமல் சோடியமும் குளோரினும் மாறி மாறி நிற்கும் சதுரங்கப் பலகையாக உப்பை ஆக்கிவிட்டார்களே என்று 'நேச்சர்' அறிவியல் இதழுக்குக் கொதிப்போடு கடிதம் எழுதினார். படிகத்தைப் பொறுத்தவரை பிராக் சொன்னதே சரி. ஆனால் உப்பை உருக்கி, கொதிக்கவைத்து, ஆவியாகவும் ஆக்கினால், அந்த ஆவியில் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் சேர்ந்த ஜோடிகள் உண்மையாகவே உண்டு.